உத்தமபாளையம் தந்த சர் பி.டி. இராஜன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவில், போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம், கோம்பை வழியாகத் தெற்கே சென்று கம்பம், கூடலூர் வரை நீண்டு கிடக்கும் நிலப்பகுதியை இயற்கை ஒரு தொட்டிலைப் போல அமைத்திருக்கிறது. மேலே ஏலமலை, கீழே நெல் வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும். மலையில் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூர்ச் சந்தையில் விலையாகி நாடெங்கும் செல்கிறது. மலைக்கு அப்பால் மேற்கே பாய்ந்து கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீர், 1895ஆம் ஆண்டில் பென்னிகுவிக் அமைத்த அணையால் திசை மாறிக் கிழக்கே வந்து இப்பள்ளத்தாக்கை வளப்படுத்துகிறது. இந்நிலப்பகுதியின் நடுவே அமைந்த ஊர் உத்தமபாளையம். இம்மலரை வாசிக்கும் அன்பர்களுக்கு அவ்வூர் புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் அங்குள்ள பாறையில் இன்றும் விளங்குகின்றன.

அவ்வூரில் பிறந்து, சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர் பதவி வரை உயர்ந்து, பின்னர்த் தம் கட்சி முழுவதும் தம்மை விட்டு நீங்கிய நிலையிலும் அதன் பெயரை விடாது காத்து நின்றவர் சர் பி.டி. இராஜன். பொன்னம்பல தியாகராஜன் என்பது அவருடைய முழுப்பெயர். அவரைப் போற்றியவர் பலர். குறை கூறியவரும் பலர். கோயில் பக்தர்கள் அவரைத் தம்மவர் என்றனர்; ஆனால் அவர் சார்ந்திருந்த இயக்கத்தைக் கண்டு ஐயுற்றனர். இயக்கத்தார் அவரைத் தம் மூத்தோர் என்றனர். ஆனால் அவருடைய பக்தியைக் கண்டு முகம் சுளித்தனர். இவ்விரு சாராருக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு பொதுவாழ்வு நடத்தியவரை இன்றைய தலைமுறை பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகையாக மட்டுமே அறியும். அவர் வாழ்வின் மேடு பள்ளங்களை ஒருசேர எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கல்வியும்

1892ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், உத்தமபாளையத்தில் பெருநிலக்கிழார் குடும்பமொன்றில் இராஜன் பிறந்தார். செல்வக் குடும்பத்துப் பிள்ளைகள் சென்னைக்குச் சென்று பயில்வதே அரிதாயிருந்த காலம் அது. அவரோ கடல் கடந்து இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள லீஸ் பள்ளியில் பயின்று, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரியில் வரலாறும் சட்டமும் கற்றார். பின்னர்ப் பாரிஸ்டராகித் தாயகம் திரும்பினார்.

அவர் திரும்பிய வேளையில் நாடு மாறிக்கொண்டிருந்தது. 1916ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், டாக்டர் நடேசனார், டாக்டர் டி.எம். நாயர், சர் பிட்டி தியாகராயர் ஆகியோர் முன்னின்று தொடங்கிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அது நடத்திய ஆங்கில இதழின் பெயரால் ஜஸ்டிஸ் கட்சி எனவும், தமிழில் நீதிக்கட்சி எனவும் வழங்கலாயிற்று. அரசுப் பணிகளிலும் உயர்கல்வியிலும் ஒரு வகுப்பாரே நிறைந்திருந்த நிலையை மாற்றி, ஏனையோருக்கும் உரிய பங்கு கிடைக்கச் செய்வது அக்கட்சியின் தலையாய நோக்கம். இளம் பாரிஸ்டரான இராஜன் அதில் இணைந்தார்.

இரட்டை ஆட்சியில் சட்டமன்றம்

1919ஆம் ஆண்டின் அரசியல் சீர்திருத்தச் சட்டப்படி 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. காங்கிரசு அத்தேர்தலைப் புறக்கணித்தது. நீதிக்கட்சி வென்று ஆட்சி அமைத்தது. அவ்வாண்டில் சட்டமன்றம் புகுந்த இராஜன், 1937 வரை அங்குத் தொடர்ந்து பணியாற்றினார்.

அக்காலச் சட்டமன்றத்தை இன்றைய சட்டமன்றத்தைப் போல எண்ணிவிடலாகாது. சொத்தும் வரியும் உடையோருக்கே வாக்குரிமை இருந்தது. நாலு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்களிக்கத் தகுதி பெற்றோர் நூற்றுக்கு மூவர் என்ற அளவிலேயே இருந்தனர். ஆட்சியும் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, வேளாண்மை, தொழில், கூட்டுறவு, சாலைகள் போன்றவை மக்கள் பிரதிநிதிகளான அமைச்சர்களிடம் விடப்பட்டன. நிதி, காவல், நிலவரி, நீர்ப்பாசனம் ஆகியவற்றை ஆளுநரும் அவருடைய நிர்வாக சபையினரும் தம்மிடமே வைத்துக்கொண்டனர். பணப்பெட்டியின் சாவி ஒருவரிடமும் வீட்டுச் செலவின் பொறுப்பு வேறொருவரிடமும் இருந்த குடும்பத்தைப் போன்றது அவ்வாட்சி. இதனை மனத்திற்கொண்டே அக்கால அமைச்சர்களின் சாதனைகளையும் குறைகளையும் மதிப்பிடுதல் வேண்டும்.

இவ்வளவு கட்டுகளுக்கிடையிலும் அவ்வவை செய்த பணிகள் சிறியனவல்ல. 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் தீர்மானம் நிறைவேறியது. அதே ஆண்டில் அரசுப் பணியிடங்களை எல்லா வகுப்பாருக்கும் பகிர்ந்தளிக்கும் ஆணை பிறந்தது. பனகல் அரசர் முதன்மை அமைச்சராக இருந்தபோது, 1922இல் இந்து அறநிலையச் சட்ட முன்வரைவு அவைக்கு வந்தது. கோயில் வருவாய் கோயிலுக்கே பயன்படவேண்டும், அதன் கணக்கு வழக்குகளைப் பொதுவான ஓர் அமைப்பு மேற்பார்வையிட வேண்டும் என்பது அதன் கருத்து. சமயத்தில் அரசு தலையிடுகிறது என்று எழுந்த எதிர்ப்புகளைக் கடந்து அது சட்டமாயிற்று. ஆளுங்கட்சி உறுப்பினராக இராஜன் வீற்றிருந்த அவையில் அந்நெடிய வாதங்கள் நிகழ்ந்தன. கோயில்களைச் சீர்ப்படுத்துவது சமூகநீதியின் ஒரு பகுதியே என்ற எண்ணம் நீதிக்கட்சியின் அத்தலைமுறையினருக்கு இயல்பாக இருந்தது. இராஜனின் பிற்கால வாழ்வை அறிந்துகொள்ள இக்கருத்து ஒரு திறவுகோல்.

அமைச்சர் பதவியும் 1932ஆம் ஆண்டுப் பிளவும்

1930ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் பி. முனுசாமி நாயுடு முதன்மை அமைச்சரானார். அவருடைய அமைச்சரவையில் இராஜனும் எஸ். குமாரசுவாமி ரெட்டியாரும் இடம்பெற்றனர். இராஜனுக்கு வளர்ச்சித்துறை அளிக்கப்பட்டது.

முனுசாமி நாயுடு ஜமீன்தார் அல்லர். உழவர் நலம் பேசியவர். கட்சியிலிருந்த ஜமீன்தார்களுக்கும் அவருக்கும் இடையே விரைவிலேயே இடைவெளி தோன்றியது. பொப்பிலி அரசரைத் தலைவராக்க ஒரு பிரிவினர் முயன்றனர். 1932 அக்டோபரில் தஞ்சாவூரில் கூடிய கட்சி மாநாடு கைகலப்பிலும் குழப்பத்திலும் முடிந்தது. அதனையடுத்து இராஜனும் குமாரசுவாமி ரெட்டியாரும் அமைச்சர் பதவிகளிலிருந்து விலகினர். தம் உடன் அமைச்சர் இருவரையும் இழந்த முனுசாமி நாயுடு தாமும் விலக நேர்ந்தது. நவம்பர் 5ஆம் நாள் பொப்பிலி அரசர் பதவியேற்றார். புதிய அமைச்சரவையிலும் இராஜன் இடம்பெற்றார்.

இராஜனின் வாழ்வில் மிகுந்த கண்டனத்துக்கு உள்ளான நிகழ்ச்சி இதுவே எனலாம். தம்மை அமைச்சராக்கிய தலைவரை இடையில் கைவிட்டு, அடுத்தவரின் அவையில் அதே இருக்கையில் அமர்ந்தார் என்று அவர்மேல் பழி வந்தது. கட்சியில் பெரும்பான்மையோர் பொப்பிலியின் பக்கம் சென்றுவிட்டபின் பழைய அமைச்சரவை நீடித்திருக்க இயலாது என்பது அவர் பக்கத்தார் கூறும் அமைதி. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதன் பயன் கட்சிக்கு நன்றாக அமையவில்லை. ஏழை எளிய மக்களின் உரிமைக்காகத் தோன்றிய கட்சி, ஜமீன்தார்களின் கட்சி என்ற பெயரை அன்று முதல் முற்றாகச் சுமக்கலாயிற்று.

அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். விளைபொருள் விலை வீழ்ந்து உழவர் வரி செலுத்த இயலாது தவித்தனர். நிலவரி ஆளுநர் பக்கத்துத் துறையாயினும் மக்கள் அதனைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஆட்சியில் இருந்தோர் எல்லாரையுமே நொந்துகொண்டனர். அமைச்சர்கள் மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெற்றது மக்கள் கண்ணை உறுத்தியது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றோர் ஊர் ஊராக மதிக்கப்பட்ட வேளையில், ஆங்கில அரசு அளித்த பட்டங்களை மார்பில் சூடியிருந்தோரின் மதிப்புக் குறைந்துகொண்டே வந்தது.

1936ஆம் ஆண்டு பொப்பிலி அரசர் ஐரோப்பா சென்றிருந்தபோது, ஏப்ரல் 4 முதல் ஆகஸ்டு 24 வரை இராஜன் முதன்மை அமைச்சர் பொறுப்பை வகித்தார். ஐந்து மாதத்துக்கும் குறைந்த காலமே எனினும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒருவர் அவ்விருக்கையில் அமர்ந்தது இப்பகுதியார் நினைவில் இன்றும் பெருமையாக நிற்கிறது.

தோல்வியும் தனிமையும்

1937 பிப்ரவரித் தேர்தலில் காங்கிரசு 215 இடங்களுள் 159 இடங்களை வென்றது. பொப்பிலி அரசரை வி.வி. கிரி தோற்கடித்தார். இராஜனும் தோல்வியுற்றார். காங்கிரசு அமைச்சர்கள் மாதம் 500 ரூபாய் ஊதியம் போதும் என்று ஏற்றுக்கொண்டபோது, முந்தைய ஆட்சியைப் பற்றிய மக்களின் தீர்ப்பு மேலும் உறுதிப்பட்டது.

தோற்ற கட்சிக்குத் தலைமை தாங்க எவரும் முன்வராத நேரம். 1938ஆம் ஆண்டு இறுதியில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டிருந்த தந்தை பெரியாரை நீதிக்கட்சி தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. சுயமரியாதை இயக்கத்தின் வேகமும் நீதிக்கட்சியின் பெயரும் ஒன்றுசேர்ந்தன. ஆனால் மாளிகைகளில் கூடிப் பழகியவர்களுக்கும் தெருமுனைகளில் பேசிப் பழகியவர்களுக்கும் எளிதில் ஒத்துவரவில்லை.

1944ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் சேலத்தில் கூடிய மாநாட்டில் முடிவு வந்தது. ஆங்கில அரசு தந்த பட்டங்களைத் துறக்கவேண்டும், அரசு அளித்த பதவிகளை விட்டு விலகவேண்டும், தேர்தலில் நிற்கலாகாது என்னும் தீர்மானங்களை அறிஞர் அண்ணா முன்மொழிந்தார். கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என மாற்றப்பட்டது. இளைஞர் கூட்டம் அத்தீர்மானங்களின் பின்னே திரண்டது. பட்டம் பெற்ற பழைய தலைவர்கள் அவற்றை ஏற்கவில்லை. அவர்கள் ஒன்றுகூடி நீதிக்கட்சி என்னும் பழைய பெயரையும் தராசு பொறித்த பழைய கொடியையும் கைவிடாமல் தனித்து இயங்கினர். அப்பிரிவுக்குக் காலப்போக்கில் இராஜன் தலைவரானார்.

அவர் ஏன் உடன் செல்லவில்லை? எதிர்ப்பாளர்கள் கண்ட விடை எளியது. சர் என்னும் பட்டத்தையும் செல்வ வாழ்வின் வசதிகளையும் துறக்க மனமில்லை என்றனர். அதில் ஒரு பகுதி மெய்யாகவே இருக்கக்கூடும். ஆயினும் அதற்கடுத்த முப்பது ஆண்டு வாழ்வைப் பார்க்கும்போது வேறொரு காரணமும் புலப்படுகிறது. இராஜன் ஆழ்ந்த கடவுள் நம்பிக்கை உடையவர். வகுப்புகளுக்கிடையே நீதி வேண்டும் என்பதில் அவர் தியாகராயர் காலத்து உறுதியோடு இருந்தார். அந்நீதிக்காகக் கோயிலையும் வழிபாட்டையும் துறக்கவேண்டும் என்பதை மட்டும் அவர் உள்ளம் ஏற்கவில்லை. சட்டமன்றங்களின் வழியாகவே மாற்றம் வரவேண்டும் என்பது அவர் கொள்கை. தேர்தலைத் துறப்பது அதற்கு முரணாயிற்று. ஆகவே பெருங்கூட்டம் ஒரு திசையில் செல்ல, அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

அவ்வாறு நின்றதன் விலை பெரிது. 1949இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றி இளைஞர்களை ஈர்த்தது. நீதிக்கட்சி என்னும் பெயரில் எஞ்சியோர் மிகச் சிலர். 1952ஆம் ஆண்டு, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்ட முதல் பொதுத்தேர்தலில் அக்கட்சி ஒரு சிலரையே நிறுத்தியது. அவர்களுள் வென்றவர் இராஜன் ஒருவரே. 375 உறுப்பினர்கள் கொண்ட அவையில், ஒருகாலத்தில் மாகாணத்தையே ஆண்ட கட்சியின் ஒற்றை உறுப்பினராக அவர் அமர்ந்தார்.

இவ்வெற்றியை நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். 1920இல் சொத்துடையோர் அவரைத் தேர்ந்தெடுத்தனர் என்றால் அதில் வியப்பில்லை. 1952இல் கம்பம் பள்ளத்தாக்கின் கூலியாட்களும் குத்தகை உழவர்களும் ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் பெண்களும் வாக்களித்த தேர்தலில், காங்கிரசின் பெயர் மேலோங்கியிருந்த வேளையில், மறைந்துகொண்டிருந்த கட்சியின் வேட்பாளராக நின்றும் அவர் வென்றார். பெருநிலக்கிழாரின் செல்வாக்கு அதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் செல்வாக்கு மட்டுமே போதுமாயின் பொப்பிலி அரசர் 1937இல் தோற்றிருக்க மாட்டார்.

ஏலமலை எல்லைச் சிக்கல்

அவ்வவையில் அவர் இருந்த காலத்தில்தான், நம் மலைச்சரிவு மக்களை நேராகத் தொட்ட ஒரு சிக்கல் எழுந்தது. மொழிவழியாக மாநிலங்களைப் பிரிக்கும் பணி தொடங்கியபோது, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் யாருக்கு என்ற வினா பிறந்தது. மூணாறு தேயிலைத் தோட்டங்களும் ஏலமலைக் காடுகளும் பெரியாற்று அணையும் அவ்வட்டங்களில் உள்ளன. அங்கு உழைப்போர் மிகப் பெரும்பாலும் தமிழர். போடி மெட்டும் குமுளியும் எல்லைகளாயினும் வாணிகமும் உறவும் கூலி வேலையும் அவ்வெல்லையை அறியா. விடியற்காலையில் கீழிருந்து மேலே சென்று மாலையில் இறங்கி வரும் தொழிலாளருக்கு மலையும் அடிவாரமும் ஒரே ஊர்.

மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955ஆம் ஆண்டு செப்டம்பரில் அளித்த அறிக்கை, இவ்விரு வட்டங்களையும் தமிழகத்துக்கு வழங்கப் பரிந்துரைக்கவில்லை. தோட்டங்களும் நீராதாரங்களும் அம்மாநிலப் பொருளாதாரத்துக்கு இன்றியமையாதன என்று ஆணையம் கருதியது. இதனிடையே தென்மாநிலங்களை ஒன்றாக்கித் தட்சிணப் பிரதேசம் அமைக்கலாம் என்ற பேச்சும் தில்லியில் எழுந்தது. இவற்றுக்கு எதிராகத் தமிழகத்தின் பல்வேறு கட்சிகள் 1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒன்றுகூடியபோது, அக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றவர் பி.டி. இராஜன். அண்ணாவும் ம.பொ. சிவஞானமும் ஜீவானந்தமும் அமர்ந்த அவையில், எல்லார்க்கும் மூத்தவராக அவர் வீற்றிருந்தார். அவ்வாண்டு பிப்ரவரி 20ஆம் நாள் நடந்த பொது வேலைநிறுத்தம் அம்முயற்சியின் விளைவு.

எவரும் தம் கட்சிக்கு அஞ்சத் தேவையில்லாத நிலையில் இருந்தமையே அவரை அவ்விருக்கைக்கு உரியவராக்கியது. கட்சி சிறுத்துப் போனது அவருக்கு இழப்பு. ஆனால் அச்சிறுமையே அன்று பகைவர்கள் பலரும் ஒரு மேசையைச் சுற்றி அமர இடம் தந்தது. தட்சிணப் பிரதேசத் திட்டம் கைவிடப்பட்டது. 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் தமிழகத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. முல்லைப் பெரியாறு பற்றி இன்றுவரை எழும் வழக்குகளையும் எல்லைச் சோதனைச் சாவடிகளில் நம்மவர் நிற்கும் நேரத்தையும் நினைக்கும்போதெல்லாம், அன்றைய கோரிக்கையின் அருமை இம்மலைச்சரிவில் வாழ்வோர்க்கு விளங்கும்.

திருப்பணிகள்

அரசியலில் தோல்வியும் தனிமையும் கண்ட அதே ஆண்டுகளில், ஆன்மிகத் துறையில் அவர் ஆற்றிய பணிகள் நிலைபெற்றன. 1950இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையானபின், அங்கு நிறுவுவதற்குரிய ஐம்பொன் ஐயப்பன் திருவுருவத்தை வழங்கியவர் அவர். அத்திருவுருவம் தமிழகத்தின் ஊர்கள்தோறும் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டது. நாடகக் கலைஞர் நவாப் இராஜமாணிக்கம் அதில் பெரும்பங்கு ஆற்றினார். 1951இல் திருவுருவம் மலைமேல் நிறுவப்பட்டது. அதற்கு முன் சபரிமலை யாத்திரை தமிழகத்தில் இவ்வளவு பரவலாக இருந்ததில்லை. இன்று கார்த்திகை பிறந்தவுடன் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், குமுளி வழியாகக் கருப்பும் நீலமும் உடுத்துச் செல்லும் இலட்சக்கணக்கான பக்தர்களுள், தாம் கடந்து செல்லும் ஊரைச் சேர்ந்தவருக்கும் தாம் வணங்கும் திருவுருவத்துக்கும் உள்ள தொடர்பை அறிந்தோர் சிலரே.

மதுரை மீனாட்சியம்மன் கோயில் திருப்பணிக் குழுவுக்கும் அவர் தலைமை தாங்கினார். கோபுரங்களைப் பழுதுபார்த்து வண்ணம் தீட்டும் பெரும்பணிகள் நிறைவுற்று, 1963இல் குடமுழுக்கு நடைபெற்றது. ஒரு கோயில் திருப்பணி என்பது சிற்பியரையும் கொத்தரையும் ஓதுவாரையும் வணிகரையும் அரசு அலுவலரையும் ஒருங்கே நடத்திச் செல்லும் பொறுப்பு. இருபதாண்டு காலச் சட்டமன்றப் பழக்கம் அவருக்கு அங்குக் கைகொடுத்திருக்கும்.

இயக்கத்தார் சிலர் இதனைக் கொள்கை வழுவல் என்றனர். ஆனால் 1922இல் அறநிலையச் சட்டத்தை ஆதரித்த கட்சியின் உறுப்பினரே 1963இல் குடமுழுக்கு நடத்தினார். கோயிற்சொத்து கோயிலுக்கே சேரவேண்டும் என்று சட்டம் செய்ததும், சிதைந்த கோபுரத்தைப் புதுப்பித்ததும் அவருக்கு ஒரே பணியின் இரு கூறுகள். இப்படி எண்ணிய தலைமுறை அவரோடு ஏறத்தாழ முடிந்துவிட்டமையால், பின்வந்தோர்க்கு அது முரணாகத் தோன்றியது.

காலத்தின் தீர்ப்பு

1967இல் திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சிக்கு வந்தது. புதிய ஆட்சியினர் தம் வேர் நீதிக்கட்சியில் உள்ளது என்பதைப் பெருமையோடு கூறினர். 1968இல் நீதிக்கட்சியின் பொன்விழா மலர் வெளிவந்தபோது, அக்கட்சியின் தொடக்கக் கால நினைவுகளைத் தாங்கிய முதியவராக இராஜன் நம்மிடையே இருந்தார். 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், தம் 82ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவருடைய மகன் பி.டி.ஆர். பழனிவேல் ராஜன் தந்தை விட்டுச் சென்ற வேறுபாட்டைத் தம் வழியில் தீர்த்துக்கொண்டார். திராவிட முன்னேற்றக் கழகத்தில் இணைந்து, 1996 முதல் 2001 வரை தமிழ்நாடு சட்டமன்றத் தலைவராகப் பணியாற்றினார். 2006இல் அவர் ஏற்ற அமைச்சர் பொறுப்பு இந்து சமய அறநிலையத்துறை. பொறுப்பேற்ற சில நாட்களிலேயே காலமானார் என்பது வருந்தத்தக்கது.

இராஜனைக் குறைகளற்றவராகக் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அவர் செல்வர்களின் உலகில் பிறந்து அவ்வுலகின் பழக்கங்களோடு வாழ்ந்தவர். 1932இல் அவர் எடுத்த முடிவு ஒரு நல்ல தலைவரை வீழ்த்தியது. பெருமந்தக் காலத்து உழவர் துயரை அவருடைய கட்சி உரிய அளவில் உணரவில்லை. பட்டங்களைத் துறப்போம் என்ற இளைஞர்களின் குரலில் இருந்த நியாயத்தை அவர் காணத் தவறினார். இவை அனைத்தும் கணக்கில் ஒரு பக்கம்.

மறுபக்கத்தில் இருப்பது ஒன்றே. தாம் நம்பிய இரண்டில் எதையும் மற்றொன்றுக்காக அவர் விலைபேசவில்லை. கடவுளை மறைத்துவிட்டு இயக்கத்தோடு சென்றிருந்தால் மீண்டும் பெருங்கட்சியின் முன்வரிசை கிடைத்திருக்கும். இயக்கத்தை மறந்துவிட்டுக் காங்கிரசில் சேர்ந்திருந்தால் அமைச்சர் பதவியே கிடைத்திருக்கலாம். அவ்வாறு சேர்ந்து பதவி பெற்றோர் அக்காலத்தில் உண்டு. அவர் இரண்டையும் செய்யாமல், ஒற்றை உறுப்பினராக அவையில் அமர்ந்தார்.

தேனி மாவட்டத்தில் முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கால்வாய்கள் பல. அவற்றுள் ஒன்று, அவர் பெயரின் முன்னெழுத்துகளைத் தாங்கிய பி.டி.ஆர். கால்வாய். மற்றொன்று தந்தை பெரியார் கால்வாய். 1944இல் சேலத்தில் பிரிந்த இருவர் பெயர்களும் இங்கே ஒரே அரசாணையில் இடம்பெறுகின்றன. ஒரே நாளில் இரண்டுக்கும் தண்ணீர் திறக்கப்படுகிறது. இரண்டும் சேர்ந்து 5,146 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் தருகின்றன. மடையைத் திருப்பும் உழவர் எந்தப் பெயருடைய கால்வாயிலிருந்து தம் வயலுக்கு நீர் வந்தது என்று கேட்பதில்லை. நாற்று நடும் பருவம் தவறாமல் நீர் வந்ததா என்றே பார்க்கிறார்.